வைண்டிங் அக்கா டர்போ வாங்கிய கதை

கோயமுத்தூரில் ஓடுகிற மோட்டார்களில் பாதி மின்சாரத்தால் ஓடுகின்றன. மீதிப் பாதி வைண்டிங் அக்காவுக்குப் பயந்து ஓடுகின்றன. நான் அளந்து விடுகிறேன் என்று நினைப்பவர்கள் ஆவாரம்பாளையம் பக்கம் ஒரு முறைகூட வந்ததில்லை என்று அர்த்தம்.

அக்காவின் பட்டறைக்கு மேல்மாடியில் இருபது வருஷமாகக் குடியிருக்கிறேன். இன்றுவரை அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. கல்யாணப் பத்திரிகையிலிருந்து கூரியர் கவர் வரை எல்லாமே 'வைண்டிங் அக்கா' என்று எழுதித்தான் வரும். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகின செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுக் கம்பி சுற்றி அதற்கு மறுபடியும் உயிர் கொடுப்பது அவர் தொழில். வயது அறுபதை நெருங்குகிறது. மற்ற பெண்கள் கொண்டையில் பூ வைக்கிற இடத்தில் அக்கா டெஸ்டரைச் செருகியிருப்பார். நோம்பி, பண்டிகை நாளில் மட்டும் பூவும் டெஸ்டரும் சேர்ந்து இருக்கும்.

மோட்டாரை அவர் திட்டுவதைக் கேட்க வேண்டும். நம் ஊர்க்காரர் அல்லவா, திட்டும்போதும் மரியாதை குறையாது. "ஏனுங், உங்களுக்கு என்ன கேடு வந்துச்சு? போன மாசந்தான கம்பி சுத்தி உட்டேன்? மறுக்காப் பொகைஞ்சுட்டு வந்து நிக்கறீங்களே, வெக்கமா இல்லீங்களா?" என்று ஐந்து குதிரைசக்தி மோட்டாரைப் பார்த்துக் கேட்பார். மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்த விவசாயி, தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொள்வார்.

சோதனை முறையும் தனி. ஓடுகிற மோட்டாரின் மேல் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். பேரிங் எத்தனை நாள் தாங்கும் என்பது அவருக்குக் கேட்டுவிடும். பிறகு ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை மோட்டார் முதுகில் நெட்டுக்குத்தலாக நிறுத்துவார். நாணயம் விழாமல் நின்றால் மோட்டார் பாஸ். விழுந்தால் மறுபடி பிரிக்க வேண்டியதுதான். கம்பெனிக்காரன் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறான் என்பதை அவர் பார்ப்பதே இல்லை. "பேப்பர்ல எழுதுனது பேப்பர்லதானுங் ஓடும்" என்பார்.

அக்காவின் கணவரைத் தெருவே மாமா என்று கூப்பிடும். மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் அவர் பேசி நான் கேட்டதில்லை. அந்தப் பத்தில் எட்டு வெறும் 'ம்'. பழைய வெள்ளைக் கார் ஒன்று வைத்திருக்கிறார். அதில் மூன்றாவது கியர் இருக்கிற விஷயமே மெக்கானிக் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். மாமா காரில் போகும்போது பக்கத்தில் நடந்து போகிறவர்கள் ஜன்னல் வழியாக நலம் விசாரித்துக்கொண்டே வருவார்கள்.

அதே காரை அக்கா எடுத்தால் நிலைமை வேறு. ஐம்பது வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டவர். தெருமுனை வேகத்தடையை இன்றுவரை அவர் ஒரு யோசனையாகத்தான் எடுத்துக்கொள்கிறார்.

இப்படிப்பட்டவர் ஒரு நாள் செட்டிபாளையத்தில் ரேஸ் நடக்கிற மைதானத்துக்குத் தண்ணீர் மோட்டார் பார்க்கப் போனார். துணைக்கு நானும் போயிருந்தேன். மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு சின்னக் கார் விசிலடித்துக்கொண்டு பறந்தது. அக்கா ஸ்பேனரைக் கீழே வைத்தார். இருபது வருஷத்தில் வேலை நேரத்தில் அவர் ஸ்பேனரைக் கீழே வைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"தம்பி, அந்த விசில் பேரிங் சத்தம் இல்லீங். வேறென்னமோ."

"டர்போங்க அக்கா" என்றேன், ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி.

அங்கிருந்த மெக்கானிக்கைப் பிடித்து அரை மணி நேரம் குடைந்து டர்போ என்றால் என்னவென்று தெரிந்துகொண்டார். எஞ்சின் வெளியே தள்ளுகிற புகையைக் கொண்டே ஒரு விசிறியைச் சுழற்றி, அதை வைத்து எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிறார்கள் என்று கேட்டதும் அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது.

"வீணாப் போற பொகையக் கூட உடாமப் புடிச்சு வேல வாங்கறான் பாருங் தம்பி. இதக் கண்டுபுடிச்சவன் நம்மூர்க்காரனாத்தான் இருக்கோணும்."

ஊர் திரும்புவதற்குள் அந்தக் காரை வாங்குவது என்று முடிவாகிவிட்டது. கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. ஷோரூமில் போய்க் கேட்டால், அந்தக் காரில் சாதாரண ரகம் எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது, ஸ்பெஷல் எடிஷன் இரண்டு மட்டும் இருக்கிறது என்றார்கள். ஒன்று ரேஸ் எடிஷன். இன்னொன்று ஆண்டுவிழா எடிஷன். எஞ்சின் இரண்டிலும் ஒன்றேதான். கோயமுத்தூருக்கு ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வண்டி. அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் சொல்லிவிட வேண்டும். மேட்டுப்பாளையத்துப் பாக்கு மண்டிக்காரர் ஒருவர் வரிசையில் நிற்கிறார்.

இதைச் சொன்னவர் சேல்ஸ் மேனேஜர் பெனடிக்ட். நாற்பது வயது, கழுத்தில் டை, முகத்தில் எந்நேரமும் ஒரு புன்னகை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிறவர் என்பதால் குரலும் இனிமையாக இருக்கும். பாவம், அவருக்கு இருந்த ஒரே குறை, கோயமுத்தூர்க்காரராகப் பிறந்ததுதான். 'முடியாது' என்ற சொல் அவர் வாயில் வராது. ரொம்பச் சங்கடமான விஷயம் என்றால் 'பாக்கலாமுங்க' என்பார். அக்காவிடம் ஒருவர் 'பாக்கலாமுங்க' என்று சொன்னால் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். இது பெனடிக்டுக்குத் தெரிந்திருக்கவில்லை.

இரண்டு வண்டிகளின் விளக்கப் புத்தகங்களையும் அக்கா என் மடியில் போட்டார். "நீங்கதான் எழுதறவராச்சே. படிச்சு என்னன்னு சொல்லுங்."

படித்தேன். ரேஸ் எடிஷனில் கையால் போடுகிற ஆறு கியர். எடையைக் குறைப்பதற்காகப் பின்சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு சிவப்புக் கம்பியை வைத்திருந்தார்கள். தோள் இரண்டு, இடுப்பு இரண்டு என்று ஆளைக் கட்டிப்போடுகிற நாலு வார் சீட்பெல்ட். ஆண்டுவிழா எடிஷன் ஆட்டோமேட்டிக், கிளட்சே கிடையாது. கதவோரம் ஊதா விளக்கு, வாசனைக்கு ஒரு குப்பி, சீட்டைச் சூடாக்க ஒரு பட்டன்.

"சீட்டச் சூடு பண்றதுக்குப் பட்டனா? சித்திரை மாசம் வெயில்ல நிறுத்துனா சும்மாவே சூடாகுமேங்?"

"குளிர் நாட்டுக்காகச் செஞ்சதுங்க அக்கா. அப்புறம், சாலையோடு உரையாடும் ஸ்டியரிங்னு போட்டிருக்கு."

"ஸ்டியரிங் எதுக்குங் ரோட்டோட பேசோணும்? வாய மூடிட்டுப் பொட்டாட்ட இருந்தாப் போதாதா? எங்க மாமா இல்லியா?"

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த மாமா "ம்" என்றார்.

அக்காவுக்கு எது வேண்டும் என்பதைக் குழந்தைகூடச் சொல்லிவிடும். ரேஸ் எடிஷனில் உட்கார்ந்து கியர் கம்பியைப் பிடித்து முதலிலிருந்து இரண்டுக்கு இழுத்தபோது அவர் முகத்தைப் பார்த்தவன் நான். "டொக்குன்னு உளுகுது பாருங் தம்பி. கைக்குப் பதில் சொல்லுது. ஆட்டோமேட்டிக்னா நாம சும்மா உக்காந்துட்டு வரோணும். அதுக்கு எதுக்குங் காரு, பஸ்ஸுலயே போலாமே?"

பிறகு ஏன் தயங்கினார்? காரணம் அவருடைய இடது முட்டி. முப்பத்தைந்து வருஷம் அந்த முட்டியை மடக்கி உட்கார்ந்துதான் கம்பி சுற்றியிருக்கிறார். அவருக்குச் சோறு போட்ட முட்டி. அது தேய்ந்துபோய்விட்டது. எக்ஸ்ரே எடுக்க நான்தான் கூடப் போனேன். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஆறு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும், அதுவரை கிளட்ச் மிதிக்கவே கூடாது என்றார். "ஆபரேஷனுக்கு அப்புறம் மிதிக்கலாமுங்களா?" என்று அக்கா கேட்டார். "அத இப்பச் சொல்ல முடியாதுங்கம்மா. சில பேருக்கு முடியும், சில பேருக்கு முடியாது" என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்ததும் அக்கா எக்ஸ்ரே கவரை என் கையில் திணித்தார். "மாமாகிட்டச் சொல்லிப்போடாதீங். அந்த மனுசன் பயந்துக்குவாரு."

ஆகவே விஷயம் இதுதான். ஆசைப்பட்ட வண்டியை வாங்கினால் ஓட்ட முடியாமல் போகலாம். ஓட்ட முடிகிற வண்டியை வாங்கினால் ஆசைப்பட்டதாக இருக்காது. அறுபது வயதில் ஒரு மனுஷி தனக்கென்று கேட்ட முதல் பொருள் அது. இடையில் நின்றது ஒரு முட்டி.

முட்டியைப் பற்றித் தெரியாத ஒறம்பரைகள், அதாவது சொந்தக்காரர்கள், வேறு காரணத்துக்காகக் குதித்தார்கள். பின்சீட் இல்லாத கார் என்று கேள்விப்பட்டதும் சூலூரிலிருந்து அக்காவின் நாத்தனார் கிளம்பி வந்துவிட்டார். நம் பக்கத்தில் ஒரு விசேஷம் என்றால் சீர்த்தட்டு இல்லாமல் வாசல்படி மிதிக்க முடியுமா?

"ஏனுங் மதினி, பின்னாடி சீட்டே இல்லீன்னா சீர்த்தட்டையெல்லாம் எங்க வெப்பீங்? தேங்காப்பழத்த மடியில வெச்சுட்டா போவீங்?"

"அந்தச் செவப்புக் கம்பியில தொங்க உட்டுட்டுப் போறேன்" என்றார் அக்கா. நாத்தனார் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

எதையும் சோதிக்காமல் முடிவெடுப்பது அக்காவின் வழக்கமில்லை. திங்கட்கிழமை ஷோரூமுக்குப் போனோம். இரண்டு எஞ்சினையும் ஓடவிடச் சொன்னார். கொண்டையிலிருந்து டெஸ்டரை எடுத்தார். இன்னும் நீளமாக வேண்டும் என்று பைக்குள்ளிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். அதன் முனையை எஞ்சின் மேல் வைத்துக் காதைக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஷோரூமில் இருந்த அத்தனை பேரும், ஏசி மெக்கானிக் உட்பட, மூச்சு விடாமல் நின்றார்கள்.

"ரெண்டும் நல்ல சீவனுதானுங்" என்றார் அக்கா. பெனடிக்ட் சிலுவை போட்டுக்கொண்டார்.

அடுத்து ஐந்து ரூபாய் நாணயம் வெளியே வந்தது. பாலிஷ் போட்ட பானட் மேல் அதை நிறுத்தப் போனபோது பெனடிக்டின் புன்னகை முதல் தடவையாகக் கொஞ்சம் நடுங்கியது. "மேடம், பெயின்ட்டுங்க..." என்றார். "பெயின்ட் ஒண்ணும் ஆவாதுங் கண்ணு, காசத் தொடச்சுட்டுத்தான் வெக்கிறேன்" என்றார் அக்கா. நாணயம் இரண்டு வண்டியிலும் அசையாமல் நின்றது. அதாவது அந்தச் சோதனையால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

மிச்சம் இருந்தது எடை. பின்சீட்டைக் கழற்றியதால் ரேஸ் எடிஷன் அறுபது கிலோ குறைவு என்று புத்தகத்தில் போட்டிருந்தார்கள்.

"நெறுத்துப் பாத்தீங்களா?" என்று அக்கா கேட்டார்.

"கம்பெனியில நெறுத்திருப்பாங்க மேடம்."

"நீங்க பாத்தீங்களான்னு கேட்டேன். சோமனூர் ரோட்டுல நூல் லாரி நெறுக்கற எடைமேடை இருக்குதுங். ரெண்டு வண்டியவும் அங்க கொண்டு போயிப் பாத்துப்போடலாமுங்களா?"

பெனடிக்ட் ஒரு நிமிஷம் கூரையைப் பார்த்தார். மேலே யாரும் உதவிக்கு வரவில்லை. "பாக்கலாமுங்க மேடம்" என்றார். சொல்லி வாயை மூடுவதற்குள் அக்கா ரேஸ் எடிஷனின் சாவியை மாமாவிடம் கொடுத்துவிட்டார். முட்டியைக் காப்பாற்ற அக்கா ஆட்டோமேட்டிக்கை எடுத்துக்கொண்டார். பெனடிக்ட் ஜெபம் செய்துகொண்டே அக்காவின் பக்கத்தில் ஏறினார். நான் மாமாவோடு ஏறினேன். ஒரு மணி நேரத்தில் உலகத்தையே சுற்றி வரக்கூடிய அந்த வண்டியை மாமா இரண்டாவது கியரில் சோமனூர் ரோட்டுக்குக் கொண்டு வந்து சேர்த்தார். வழியில் ஒரு டிராக்டர் எங்களை முந்திப் போனது.

எடைமேடையில் நூல் மூட்டை லாரிகளுக்கு நடுவே இரண்டு பளபளக்கும் கார்கள் வரிசையில் நின்றதைப் பார்த்துவிட்டு, எடை போடுகிறவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "என்ன லோடுங்க?" என்று கேட்டார்.

"வெறும் வண்டிதானுங்."

முதலில் ஆண்டுவிழா எடிஷன் ஏறியது. எடைச்சீட்டு அடித்து வந்தது. அடுத்து ரேஸ் எடிஷன். சீட்டை வாங்கிப் பார்த்த அக்காவின் கண் சிவந்தது. அறுபது கிலோ குறைவு என்று புத்தகம் சொன்ன வண்டி, மற்ற வண்டியைவிடப் பத்து கிலோ கூடுதல்.

"ஏனுங் பெனடிக்ட், எடையக் கொறைக்கறதுக்குன்னு பின்சீட்டக் கழட்டிப்போட்டு, அதுக்குப் பதுலா ஒரு ஆட்டுக்கல்லத் தூக்கி உள்ள வெச்சீங்களா?"

பெனடிக்டுக்கு வேர்த்துவிட்டது. புத்தகத்தைப் புரட்டினார். கம்பெனிக்குப் போன் போட்டார். சக்கரத்துக்குக் கீழே குனிந்து பார்த்தார். நான் வண்டியைச் சுற்றி வந்தேன். லாரி டிரைவர்கள் இருவர் வந்து ஆளுக்கொரு கருத்து சொன்னார்கள். கால் மணி நேரம் கழித்து பெனடிக்ட்தான் ரேஸ் எடிஷனின் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மேடம்... சார் உள்ளயே இருக்காருங்க."

மாமா டிரைவர் சீட்டில் நேராக உட்கார்ந்திருந்தார். அந்த நாலு வார் பெல்ட்டைப் போடத் தெரிந்த அவருக்குக் கழற்றத் தெரியவில்லை. கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்றைய பத்து வார்த்தையும் காலையிலேயே தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. எடைச்சீட்டில் 'லோடு: காலி' என்று அடித்திருந்தது.

"ஏனுங் மாமா, ஒரு கொரலு குடுக்கக் கூடாதா?"

"எல்லாரும் மும்முரமா இருந்தீங்..." என்றார் மாமா.

மாமாவை அவிழ்த்து இறக்கி, அவரை மட்டும் தனியாக எடைமேடையில் நிறுத்தினோம். லாரி நிறுக்கிற மேடை என்பதால் அது பத்துப் பத்தாகத்தான் காட்டும். முதல் தடவை அறுபது என்றது. மாமா கொஞ்சம் நகர்ந்து நின்றதும் எழுபது என்றது. கடைசிவரை புத்தகத்தில் இருப்பது நிஜமா பொய்யா என்பது மாமாவின் எடையில் மாட்டிக்கொண்டு தீராமலே போய்விட்டது.

புதன்கிழமை அக்கா சாமியிடம் போனார். நம் பக்கத்தில் பெண் பார்க்க, கிணறு வெட்ட, எதற்கும் பூக்கேட்கிற வழக்கம் உண்டு. ஒரு பொட்டலத்தில் சிவப்பு அரளி, இன்னொன்றில் வெள்ளை அரளி. இரண்டையும் அம்மன் முன்னால் போட்டு, பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். எந்தப் பூவுக்கு எந்தக் காரியம் என்று முன்னாலேயே நினைத்துக்கொள்ள வேண்டும்.

"என்ன காரியமுங்க? கல்யாணமா, போர் போடறதுங்களா?" என்று பூசாரி கேட்டார்.

"காருங். செவப்பு வந்தா கியரு, வெள்ளை வந்தா ஆட்டோமேட்டிக்."

பூசாரி அம்மனைத் திரும்பிப் பார்த்தார். அம்மன் தடுக்காததால் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "பொட்டலத்தச் செரியாக் குலுக்குலீங்க. இன்னொருக்காப் போடுங்" என்றார். மறுபடியும் வெள்ளை. மூன்றாவது தடவையும் வெள்ளை.

"ஆத்தாளுக்குக் கியரு வண்டி ஓட்டிப் பழக்கமில்லீங் போல" என்று சொல்லிவிட்டு அக்கா செருப்பை மாட்டினார். போத்தனூரில் இன்னொரு கோயில் இருக்கிறது, அங்கே கேட்கலாம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சாமியிடம் கேட்கப் போகவில்லை, கையெழுத்து வாங்கப் போனார். ஆனால் கோயில் படியில் இறங்கும்போது இடது காலை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றதைப் பார்த்தேன். சிரிப்பு போய்விட்டது. போத்தனூருக்குப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பெனடிக்ட் போன் செய்தார். பாக்கு மண்டிக்காரர் ஷோரூமுக்கே வந்து உட்கார்ந்துவிட்டாராம். எந்த வண்டி மிஞ்சினாலும் எடுத்துக்கொள்கிறேன் என்கிறாராம். அக்கா பட்டறையில் ஒரு மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்த மோட்டாரைத் திட்டக்கூட இல்லை.

"தம்பி, ஆட்டோமேட்டிக்குன்னே சொல்லிருங்."

"அக்கா, நல்லா யோசிச்சு..."

"யோசிக்க என்னங் இருக்குது? முடியாதத நெனச்சுட்டு எத்தன நாளைக்கு உக்காந்திருக்கறது?" என்றார். குரல் உடைந்துவிட்டது. குனிந்து கம்பியைச் சரி செய்வது போல நடித்தார்.   போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

மாமா டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"கியரு வண்டியே வாங்கு அம்மணி. கிளட்ச்ச நான் மிதிச்சுக்கறேன்."

நாங்கள் இருவரும் அவரைப் பார்த்தோம்.

"டிரைவிங் ஸ்கூல் காருல, சொல்லிக் குடுக்கறவன் பக்கம் ஒரு பெடல் இருக்குமில்ல? அதாட்ட ஒண்ணு எடது பக்கம் வெச்சுப்போடலாம். கணபதியில ஒருத்தன் செய்யறான். முந்தாநாளே போயிக் கேட்டுட்டு வந்துட்டேன். நீ கியரப் போடு. நான் மிதிக்கறேன்."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசியதில் அக்கா பயந்தேபோனார். "எனக்கு முட்டி வலின்னு உங்களுக்கு ஆருங் சொன்னது? தம்பி, நீங்களா?"

"ஆரும் சொல்லுல. நாலு மாசமா நீ படியில பக்கவாட்டுல எறங்கற" என்றார் மாமா. டம்ளரை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார்.

ரேஸ் எடிஷன் வந்தது. வந்த மூன்றாம் நாள் அதில் இன்னொரு கிளட்ச் பெடலை வைத்தார்கள். செய்தி கேட்டு ஓடி வந்த பெனடிக்ட், "மேடம், வாரண்டி போயிருமுங்க" என்று அழாத குறையாகச் சொன்னார். "முட்டிக்கு எவன் கண்ணு வாரண்டி குடுத்தான்? அது போனதுக்கு நான் ஆருகிட்டப் போயிக் கேட்டேன்?" என்றார் அக்கா. சட்டம் இதற்கு என்ன சொல்கிறது என்று தயவுசெய்து எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

முதல் மாதம் தெருவே ரெண்டுபட்டது. அக்கா "மாமா!" என்றால் மிதிக்க வேண்டும், "உடுங்!" என்றால் விட வேண்டும். அக்கா அவசரக்காரி, மாமா நிதானஸ்தர். சிங்காநல்லூர் சிக்னலில் பச்சை விழுந்து, மறுபடி சிவப்பு விழுந்து, அடுத்த பச்சையும் போனது.

"மாமா! உடுங்! உடுங்கன்னு சொன்னேனில்ல!"

"உட்டுட்டேன்."

"ஒட்டுக்கா உட்டா வண்டி நிக்காம என்னங் பண்ணும்? மெல்ல உடுங்!"

"மெல்ல உட்டா வேகமா உடுங்கற."

பின்னால் நின்ற பஸ் கண்டக்டர் இறங்கி வந்து, வண்டி பழகுகிறார்கள் என்று நினைத்து, "அம்மா, ஞாயித்துக்கெழமை கிரவுண்டுல வெச்சுப் பழகுங்க" என்று யோசனை சொன்னார். உலகத்தில் டர்போ வண்டியை இரண்டு பேர் சேர்ந்து ஓட்டுவது இவர்கள் மட்டுமாகத்தான் இருக்கும். ஆனால் மூன்றாவது மாதம் செட்டிபாளையம் மைதானத்தில் அக்காவுக்கு ஒரு சுற்று ஓட்ட அனுமதி கிடைத்தது. சுவரோரம் நின்று பார்த்தேன். விசிலடித்துக்கொண்டு வந்தார்கள். வளைவுக்கு வளைவு கியர் மாறியது. ஒரு இடத்தில்கூட எஞ்சின் திக்கவில்லை. 'மாமா' என்ற சத்தமும் கேட்கவில்லை. சொல்லாமலே எப்போது மிதிக்க வேண்டும் என்று அவருக்குப் பிடிபட்டிருந்தது. வாழ்நாளெல்லாம் இரண்டாவது கியரில் போன மனிதர் ஆறாவது கியரில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, காலை மட்டும் சரியாக அசைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஆபரேஷன் நடந்தது. அக்கா கட்டிலில் இருந்த இரண்டு மாதமும் வண்டி வாசலில் கவர் போட்டு நின்றது. ஒரு நாள் காலையில் மாடியிலிருந்து பார்க்கும்போது கவர் லேசாக அசைந்தது. பூனையோ என்று இறங்கிப் போய்த் தூக்கிப் பார்த்தேன். இடது பக்கச் சீட்டில் மாமா உட்கார்ந்துகொண்டு, ஓடாத வண்டியின் கிளட்ச்சை மிதித்து, மெதுவாக விட்டு, மறுபடி மிதித்துக்கொண்டிருந்தார். "பழக்கம் உட்டுப்போயிருமுங் தம்பி" என்றார்.

போன மாதம் டாக்டரம்மா முட்டியைச் சோதித்துவிட்டு, இனிமேல் அக்காவே தாராளமாகக் கிளட்ச் மிதிக்கலாம் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அக்கா எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார். மாமாவும் ஒன்று எடுத்துக்கொண்டார். பாதி தின்றுவிட்டு, மீதியை வைத்துவிட்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கம் போனார். இடது பக்கப் பெடலைக் கழற்றக் குனிந்தபோது அக்கா பட்டறைக்குள்ளிருந்து கத்தினார்.

"ஏனுங் மாமா, அதயெதுக்குக் கழட்டறீங்? இருக்கட்டும் உடுங். நாளைக்கு எனக்கு வலது முட்டியும் போயிப்போட்டா அப்ப என்னங் பண்றது?"

மாமா ஸ்பேனரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கிளட்ச்சுக்கும் வலது காலுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அது ஆக்ஸிலேட்டர் மிதிக்கிற கால். வண்டியில் கையே வைக்காத எனக்கே தெரிகிறது, காதை வைத்தே எஞ்சினைப் படிக்கிற அக்காவுக்குத் தெரியாதா? நாற்பது வருஷம் ஃபிட்டராக இருந்த மாமாவுக்கும் தெரியும். மூன்று பேரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

இருபது வருஷத்தில் ஒரு இயந்திரத்தைப் பற்றி அக்கா சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அதுதான். அந்தப் பொய்க்காக அவரை எனக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்துப்போய்விட்டது.